முடிச்சு வழுக்குகிறதா, இறுகுகிறதா? கயிற்றில் மரம் ஏறப் பழகுவோருக்கு

போன வருடம் சோளகம் தொடங்குகிற நேரம், வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் பெட்டி ஒன்றைப் பிரித்தோம். கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பியது. கூரைக்கு மேலே சாய்ந்து நின்ற புளியங்கொப்பை வெட்டுவதற்காகத் தம்பி கயிற்றில் மரம் ஏறப் பழகுகிறான் என்று கேள்விப்பட்டு, பாசத்தோடு வாங்கி அனுப்பியிருந்தார். உள்ளே 9.8 மில்லிமீற்றர் கயிறு 60 மீற்றர், 13 மில்லிமீற்றர் கயிற்றுக்கான கப்பி, 6 மில்லிமீற்றர் நாண் ஒரு சுருள், பாறை ஏறுபவர்கள் இடுப்பிலும் தொடையிலும் போடும் பட்டியான ஹார்னஸ், ஒரு சைக்கிள் ஹெல்மெட்.

"அண்ணை, எல்லாம் பிராண்ட் சாமான். இனி ஏறலாம்தானே?"

"ஒவ்வொண்டும் நல்ல சாமான் தம்பி. ஆனா ஒண்டுக்கொண்டு சேராது."

கலியாணத்துக்கு இரண்டு சாதகத்தையும் பக்கத்தில் வைத்துத்தானே பொருத்தம் பார்க்கிறோம்? ஒரு சாதகத்தை மட்டும் பார்த்து யாரும் நாள் குறிப்பதில்லை. மரம் ஏறும் சாமானும் அப்படித்தான். கயிறும் முடிச்சு போடும் நாணும், கயிறும் கருவியும், கரபினரும் (வாய் திறந்து பூட்டும் கொழுவி) ஹார்னஸும் சோடி சோடியாக ஒத்துவர வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் என்னிடம் சொல்லும் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இந்தப் பொருத்தக் கோளாறுதான். அதனால் சாமான் வாரியாக எழுதாமல், மரத்தில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்பதை வைத்து எழுதுகிறேன். உங்கள் பிரச்சினை எதுவோ அந்த இடத்துக்குப் போங்கள்.

அதற்கு முன் இரண்டு சொல். இங்கே சொல்லும் எந்தத் திருத்தத்தையும் முதலில் முழங்கால் உயரத்தில் தொங்கிச் சோதியுங்கள். பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். தனியாக ஏறாதீர்கள். கீழே நிற்பவரின் கையில் தொலைபேசி இருக்கட்டும், 1990 அம்புலன்ஸ் இலக்கமும் தெரிந்திருக்கட்டும். மற்றது, இது பனை ஏறுபவர்களுக்கான கட்டுரை இல்லை. தளநாரைக் காலில் மாட்டி ஒரு நாளில் எத்தனையோ பனை ஏறி இறங்கும் சீவல் தொழிலாளிக்குச் சொல்லிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் தளநார் காலுக்குப் பிடி கொடுக்குமே தவிர, கை தவறினால் ஆளைத் தாங்காது. கொப்பும் கிளையுமாக நிற்கும் மரத்தில் தொங்கி வேலை செய்வதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

முடிச்சு பிடிக்காமல் வழுக்குகிறது

ஏறும் கயிற்றைச் சுற்றிப் போட்டு, கையால் தள்ளினால் நகர்ந்து, ஆள் பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும் முடிச்சைப் பிடிமுடிச்சு என்று வைத்துக்கொள்வோம். அதைப் போடும் சிறு நாண் பிடிகயிறு. இது வழுக்கினால் முதலில் நாணின் தடிப்பைப் பாருங்கள். 12 மில்லிமீற்றர் கயிற்றில் 12 மில்லிமீற்றர் நாணைச் சுற்றினால் அது வளைந்து கவ்வாது, மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். 11 முதல் 13 மில்லிமீற்றர் வரையான கயிற்றுக்கு 8 முதல் 10 மில்லிமீற்றர் நாண் ஒத்துவரும். விறைப்பான நாண் தடிப்பு சரியாக இருந்தாலும் பிடிக்காது. விரலில் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால் முடிச்சிலும் மறுக்கும்.

அடுத்தது சுற்று. புரூசிக் என்ற பிடிமுடிச்சில் மூன்று முறை சுற்ற வேண்டும், அதாவது கயிற்றின் மேல் ஆறு வரி தெரிய வேண்டும். வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பாய் பின்னியது போல ஒழுங்காகப் படுத்திருக்க வேண்டும். புதுக் கயிற்றில் நூற்கும்போது பூசிய மெழுகுத்தன்மை இருக்கும். அப்போது ஒரு சுற்றுக் கூட்டிப் போடுங்கள், சில நாள் பாவித்தபின் குறைக்கலாம். நாண் வாங்காமல், ஏறும் கயிற்றின் வாலிலேயே பிளேக் முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. அதற்குச் சமதடிப்பு தடையில்லை, ஏனென்றால் வால் சுற்றுகளுக்கு அடியால் போய்க் கவ்வுகிறது. ஆனால் வால் நுனியில் எட்டு முடிச்சு ஒன்று இல்லாமல் பிளேக்கில் ஏறவே கூடாது. வால் நழுவி வெளியே வந்தால் முடிச்சே இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் வழுக்கினால், கையைப் பாருங்கள். பிடிமுடிச்சின் உச்சியை அமுக்கினால் அது விட்டுக்கொடுக்கும். இறங்குவதற்கான வழியே அதுதான். பயந்தவன் எதைப் பிடிப்பான்? கைக்கு அருகில் இருப்பதை. எனக்கு நடந்தது இது. மாமரம் ஒன்றில், நாலு மீற்றர் உயரத்தில், இலையை ஒட்டிக் கட்டியிருந்த முசுற்றுக் கூட்டில் தோள் பட்டுவிட்டது. கழுத்தில் முதல் கடி விழுந்ததும் இரண்டு கையாலும் முடிச்சை இறுக்கிப் பிடித்தேன். முடிச்சு தன் வேலையைச் செய்தது. இரண்டு மீற்றர் சர்ரென்று கீழே வந்தேன். கடி தாங்காமல் கழுத்துக்குக் கையை எடுத்தேன், அந்த நொடியே முடிச்சு இறுகிக்கொண்டது. விழுத்தப் பார்த்த முசுறே நிறுத்தியும் விட்டது என்று வீட்டில் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள். முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டு, "விடு" என்று யாராவது கத்தியதும் இரண்டு கையையும் முடிச்சை விட்டு எடுக்கப் பழகுங்கள். இருபது தடவை செய்தால் கைக்குப் பழகும்.

முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டது

இது தலைகீழ்ப் பிரச்சினை. நாண் மெல்லிசு, அல்லது சுற்று அதிகம், அல்லது மழை. பெட்டியில் வந்த 6 மில்லிமீற்றர் நாணைத் தடிக் கயிற்றில் போட்டால் நன்றாகப் பிடிக்கும், பிறகு விடவே விடாது. ஆள் பாரத்தைத் தாங்கும் முதல் முடிச்சுக்கு அந்த மெல்லிய நாணை நான் எடுப்பதும் இல்லை. மாரியில் நனைந்த கயிற்றில் கோடைக்குப் பழகிய முடிச்சு இறுகிப்போகும். ஒரு சுற்றைக் குறைத்து, தரையில் தொங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இன்னொரு காரணம் பலருக்கும் புரிவதில்லை. கயிறு கொப்புக்கு மேலால் போய்த் திரும்பி வந்து, கயிற்றின் இரண்டு பக்கங்களிலும் பாரம் பகிரும் முறையில் முடிச்சு தாங்குவது கிட்டத்தட்ட உங்கள் பாரத்தில் பாதி. கயிற்றை மேலே அசையாமல் கட்டி, ஒற்றைக் கயிற்றில் ஏறும்போது முழுப் பாரமும் முடிச்சின் தலையில். முதல் முறையில் சுகமாக ஓடிய அதே முடிச்சு இரண்டாவதில் இறுகி நின்றுவிடும், இல்லையென்றால் இறங்கும்போது எரியும். ஒற்றைக் கயிற்றில் போகிறவர்கள் முடிச்சுக்கு மேலே ரோப் ரென்ச் என்ற உராய்வுக் கருவியைச் சேர்ப்பது இதற்காகத்தான். பழகும் காலத்தில் இரட்டைக் கயிற்று முறையோடு நில்லுங்கள் என்பது என் கருத்து. மெதுவாகத்தான் ஏறுவீர்கள், ஆனால் பிழை விட்டால் தப்ப இடம் இருக்கும்.

பிடிகயிறு பளபளக்கிறது, கருகிய மணம் வருகிறது

வேகமாக இறங்கியிருக்கிறீர்கள். உராய்வுச் சூட்டில் நாரின் மேல்தோல் உருகி ஆறினால் கண்ணாடி போலப் பளபளக்கும். விரலால் தடவினால் விறைப்பாக இருக்கும். அந்த நாணை எறிந்துவிடுங்கள்.

இங்கேதான் நார் என்ன சாதி என்று பார்க்க வேண்டும். இரும்புக்கடையில் நீலத்திலும் பச்சையிலும் கிடைக்கும் பொலிப்புரொப்பிலீன் கயிறு 165 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். நைலோன் வகையைப் பொறுத்து 220 இலிருந்து 260 வரை தாங்கும், பொலியெஸ்டர் 255 அளவில் உருகும். அரமிட் நார் உருகாது, மிக அதிக சூட்டில் கருகும். நல்ல பிடிகயிறுகளின் உறையில் அதைச் சேர்ப்பது அதனால்தான். டைனீமா என்ற நார் இழுவைக்குப் பேய் மாதிரி நிற்கும், ஆனால் 145 பாகை அளவில் உருகும். ஆகவே தனி டைனீமா நாணில் பிடிமுடிச்சுப் போடக் கூடாது.

மாடு கட்டும் நீலக் கயிற்றில் ஏறலாமா என்று யாராவது கேட்டால், இந்த ஒரு பந்தியைக் காட்டுங்கள். தும்புக் கயிறும் வேண்டாம். உள்ளே உக்கியிருப்பது வெளியே தெரியாது.

கருவி பிடிக்கவில்லை, அல்லது கயிறு நுழையவே மறுக்கிறது

முடிச்சுக்குப் பதிலாகக் கயிற்றைப் பிடிக்கும் கருவியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், எத்தனை மில்லிமீற்றர் கயிற்றுக்கு என்று பக்கத்தில் பொறித்திருக்கும். பெட்சல் நிறுவனத்தின் கிரிகிரி என்ற கருவியின் புதிய வடிவம் 8.5 இலிருந்து 11 வரை. அதே நிறுவனத்தின் சிக்ஸாக் 11.5 இலிருந்து 13 வரை. இந்த இரண்டுக்கும் பொதுவான கயிறு என்று ஒன்று கிடையாது, கவனித்தீர்களா? கருவியை முதலில் வாங்கிவிட்டுக் கயிறு தேடாதீர்கள், கயிறு முதலில். கயிறு நனைந்தால், மண் ஏறினால், பழசானால் தடிப்பு மாறும். எல்லையின் ஓரத்தில் இருக்கும் அளவை வாங்காமல் நடுவில் நில்லுங்கள்.

கயிறு ஊஞ்சல் போல ஆடுகிறது

ஒரு அடி ஏறினால் முக்கால் அடி கீழே போகிறது என்றால், உங்களிடம் இருப்பது பாறை ஏறும் இழுபடு கயிறு. விழுந்தவனை மெதுவாகத் தாங்குவதற்கென்றே செய்தது. ஈ.என் 892 என்ற ஐரோப்பியத் தரப்படி ஒற்றைக் கயிறாகப் பாவிப்பது 80 கிலோ பாரத்தில் 10 சதவீதம் வரை நீளலாம். 15 மீற்றர் கயிற்றில் ஒன்றரை மீற்றர். மரத்துக்கு வேண்டியது ஈ.என் 1891 ஏ வகை. அதன் நீட்சி 5 சதவீதத்துக்குள், தாங்குசக்தி குறைந்தது 22 கிலோநியூற்றன், சுமார் 2,200 கிலோ.

ஆனால் நீளாத கயிறு விழுகிறவனைத் தாலாட்டாது. ஒரு மீற்றர் தொய்வை விட்டு விழுந்தால் இடுப்பு எலும்புக்குத் தெரியும். கட்டிய கொப்பு எப்போதும் தலைக்கு மேலே, கயிறு எப்போதும் தொய்வில்லாமல். கட்டிய இடத்தைத் தாண்டி மேலே ஏறுவது இந்தக் கயிற்றுக்கான ஆட்டமே இல்லை.

கயிற்றின் உறை ஒரே இடத்தில் அறுந்திருக்கிறது

வன்னியில் ஏறுபவர்கள் இந்த இடத்தை நிறுத்தி வாசியுங்கள். ஏறும் கயிறு இரண்டு பாகம்: வெளியே பின்னிய உறை, உள்ளே பாரம் தாங்கும் நார். உறை கொஞ்சம் கொஞ்சமாக எங்கும் பஞ்சு போலப் பொங்கினால் அது பழக்கத் தேய்மானம். ஒரே இடத்தில் கத்தி போட்டது போலிருந்தால் மரத்தில் ஏதோ இருக்கிறது.

எங்கள் பக்கத்து மரங்களில் அது என்னவாகவும் இருக்கலாம். வேலிக்கு அடித்த ஆணி, மரம் விழுங்கிய முட்கம்பி, 2009 க்கு முந்திய போர்க்காலச் செல் துண்டு. பட்டை மூடி வளர்ந்து, ஒரு முனை மட்டும் வெளியே நிற்கும். ஒருமுறை பெரிய வேம்பு ஒன்றின் கவட்டில் கயிற்றைப் போட்டு, ஏறுவதற்கு முன் இரண்டு பேராகத் தொங்கி இழுத்துப் பார்த்தோம். கயிற்றைத் திரும்ப இறக்கியபோது உறையில் இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டு. ஏணி வைத்துப் போய்ப் பார்த்தேன். கவட்டின் உள்பக்கம், பிசின் ஒழுகிக் காய்ந்த ஒரு வீக்கம். அதன் நடுவில் கறுத்த இரும்பு, நகம் அளவு கூட வெளியே இல்லை. விரலால் தொட்டேன், சவர அலகு போல இருந்தது.

அதனால் என் வழக்கம் இப்படி: கவட்டைக் கீழே நின்று நாலு பக்கத்தாலும் பார்ப்பேன், பைனாகுலர் இருந்தால் அதாலும். பிசின் வடிந்த இடம், பட்டை உப்பிய இடம், கறள் நிறக் கோடு இருந்தால் வேறு கொப்பு. கயிற்றை நேரே கொப்பில் ஓடவிடாமல், இரண்டு வளையம் வைத்த தோல் அல்லது நாடாப் பட்டையைக் கொப்பில் போட்டு வளையங்களுக்குள்ளால் ஓடவிடுவேன். மரப்பட்டையும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும். மிதிவெடிப் பலகை நிற்கும் பக்கம் எவ்வளவு நல்ல பாலை பழுத்திருந்தாலும் போகாதீர்கள். கொப்புக்கு மேலால் கயிறு போடுவதற்கு எறியும் நூல் அந்தப் பக்கம் பறந்து விழுந்தால் எடுக்கப் போகாமல் இந்தப் பக்கத்திலிருந்தே இழுங்கள். வராவிட்டால் நூலை வெட்டிவிட்டு வாருங்கள்.

வெட்டு வாளும் இதே கதைதான். பாரத்தில் விறைத்து நிற்கும் கயிற்றில் வாள் பல் தொட்டாலே போதும். வெட்டும்போது ஏறும் கயிற்றோடு இடுப்புக் கயிறு ஒன்றும் மரத்தைச் சுற்றி இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

கயிறு ஓடவில்லை, அல்லது தரைக்கு எட்டவில்லை

பாலைப் பட்டையின் சொரசொரப்பில் கயிறு ஓடாது, இறுக்கமான கவட்டில் செருகிக்கொள்ளும். மேலே சொன்ன வளையப் பட்டை இதற்கும் மருந்து. எட்டாததற்குக் கணக்குத்தான் காரணம்: இரட்டைக் கயிற்று முறையில் 12 மீற்றர் உயரக் கொப்புக்கு 24 மீற்றரும் முடிச்சுகளுக்கு இன்னும் சில மீற்றரும் வேண்டும். கயிற்றின் நுனியில் நிறுத்து முடிச்சு இல்லாமல் ஏறாதீர்கள். கயிறு முடிந்தது தெரியாமல் முடிச்சோடு சேர்ந்து ஆளும் வெளியே வந்த விபத்துகள் உண்டு.

எந்தக் கொப்பு? தண்டோடு சேரும் இடத்துக்குக் கிட்ட, உயிருள்ள, குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பு. புளியங்கொம்பைப் பிடித்தவன் என்று சும்மா சொல்லவில்லை, புளி நம்பலாம். முருங்கை பருத்தால் தூணாகுமா என்பதும் சும்மா சொன்னதில்லை. நாவலும் சொல்லாமல் முறியும்.

கரபினரின் வாய் திறந்து கிடக்கிறது

திருகிப் பூட்டும் கரபினர் பட்டையில் உரசி உரசித் தானாகக் கழன்றுவிடும். மரத்துக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும், திறக்க மூன்று அசைவு தேவைப்படும் வகையை வாங்குங்கள். நீளவாக்கில் 20 கிலோநியூற்றனுக்கு மேல் தாங்குவது, குறுக்கே திரும்பிப் பாரம் விழுந்தால் ஏழெட்டுத்தான் தாங்கும். ஒவ்வொரு தடவையும் தொங்குவதற்கு முன் அது நேராகக் கிடக்கிறதா என்று பாருங்கள். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் உப்பும் மணலும் வாய்க்குள் ஏறிச் சுருளைப் பிடித்துவிடும்: நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, சிறிது எண்ணெய். சாவிக்கொத்துக் கரபினர்கள் பார்க்க இதே மாதிரி இருக்கும். கிலோநியூற்றன் பொறிக்காத எதிலும் தொங்காதீர்கள்.

கால் மரத்துப் போகிறது

பாறை ஹார்னஸின் கால்பட்டி ஒடுக்கம். சில நிமிடம் தொங்குவதற்குச் செய்ததில் அரை மணித்தியாலம் உட்கார்ந்தால் தொடை கத்தும். கட்டட வேலைக்காரர்கள் போடும் முதுகுக் கொக்கி ஹார்னஸ் இன்னும் மோசம்; அது விழுந்தால் தாங்குவதற்கு மட்டும், அதில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. மர வேலைக்கு அகலமான இடுப்பும் கால்பட்டியும், முன்னால் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சிறு கயிற்றுப் பாலமும், இரண்டு பக்கமும் இடுப்புக் கயிற்றுக்கான வளையமும் உள்ளதாகப் பாருங்கள். அசையாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். மயங்கியவரைச் சில நிமிடங்களுக்குள் கீழே இறக்க வேண்டும், அதனால்தான் தனியாக ஏறாதே என்பது.

ஹெல்மெட் கண்ணுக்கு மேல் விழுகிறதா? நாடி வார் இல்லாத கட்டட ஹெல்மெட்டாக இருக்கும். ஈ.என் 12492 என்ற மலையேறும் ஹெல்மெட்டின் வார் அடிபட்டாலும் கழன்று போகாது. சைக்கிள் ஹெல்மெட் மேலிருந்து விழும் கொப்புக்குச் செய்யப்படவில்லை.

கயிறு இன்னும் நல்லதா என்று தெரியவில்லை

கண்ணை மூடிக்கொண்டு கயிறு முழுவதையும் கைக்குள்ளால் விடுங்கள். மெத்தென்ற இடம், திடீரென ஒடுங்கும் இடம், கட்டியாக இருக்கும் இடம் கைக்கு உடனே தெரியும். சந்தேகமான இடத்தை வளையமாக மடியுங்கள். மற்ற இடம் உருண்டு வளைய, அந்த இடம் மட்டும் கூராக மடிந்தால் உள்நார் போய்விட்டது. பற்றரி வைத்த ரக்டர் பெட்டிக்குள் கிடந்த கயிறு பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் வேண்டாம். அமிலம் நைலோனைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். கழித்த கயிற்றை இரண்டு மீற்றர்த் துண்டாக வெட்டிவிடுங்கள், மாடு கட்டலாம். முழுசாக விட்டால் யாராவது ஒரு பெடியன் அதை எடுத்துக்கொண்டு ஏறுவான்.

அந்தப் பெட்டிக்கு என்ன நடந்தது என்றால், 6 மில்லிமீற்றர் நாண் வாளைத் தொங்கவிட உதவுகிறது, சைக்கிள் ஹெல்மெட் சைக்கிளுக்குப் போனது, அந்த 9.8 மில்லிமீற்றர் சிவப்புக் கயிறு இன்னும் சுவரில் தொங்குகிறது. மச்சான் அடுத்து என்ன அனுப்ப என்று கேட்டார். தம்பியே பதில் எழுதினான்: "12 மில்லிமீற்றர் கயிறு, ஈ.என் 1891 ஏ வகை, 45 மீற்றர். அரமிட் உறை போட்ட 8 மில்லிமீற்றர் பிடிகயிறு இரண்டு. மூன்று அசைவுக் கரபினர் நாலு. கப்பி ஏற்கனவே இருக்கு, அதுக்கு இந்தக் கயிறு சரிவரும். கருவி ஒண்டும் இப்ப வேண்டாம்."